ஒட்டகச்சிவிங்கியின் இடது முன்கால்

என் அக்காவின் கணவர் நாய்களைப் பழக்கியவர். காற்சட்டைப் பையில் ஒரு நாய்க் கழுத்துச் சங்கிலி எப்போதும் கிடந்து கிலுங்கியதால், உறவினர் அனைவருக்கும் அவர் சங்கிலி அத்தான். 'அடியாத மாடு படியாது' என்பதைத் தாமே கண்டுபிடித்ததுபோல் சொல்வார். நாய்கள் அவரிடம் பணிந்தன என்பது உண்மை. அவரைக் கண்டதும் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தன என்பதும் உண்மை. பின்னதையும் அவர் மரியாதைக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

அவரிடம் தம் நாயைப் பழக்கக் கொடுத்த செல்வர் ஒருவர் ஊருக்கு வெளியே விலங்குப் பூங்கா நடத்தினார். அங்கிருந்த பெண் ஒட்டகச்சிவிங்கிக்கு இடது முன்குளம்பு அளவுமீறி வளர்ந்து, நுனி வளைந்து, நடை கெட்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்தால் அவ்வளவு நெடிய உடம்பு விழுந்தபின் எழுவது உறுதியில்லை என்றார் கால்நடை மருத்துவர். ஆகவே அது தானாக வந்து, வேலி இடைவெளியில் போட்ட மரக்கட்டையின்மேல் காலை வைத்து நிற்க வேண்டும். அப்போதுதான் குளம்பைச் செதுக்கலாம். இல்லையேல் கால் போகும், காலோடு உயிரும் போகும்.

"நாலு கால் இருந்தா எனக்கு எல்லாம் நாய்தான்" என்று பொறுப்பேற்றார் அத்தான்.

"நாற்காலிக்குங்கூட நாலு கால்தான். அத வாலாட்டச் சொல்லுங்க பாப்போம்" என்றாள் அக்கா.

முதல் நாள் வேலி முன் நின்று, தொண்டை நரம்பு புடைக்க "வா!" என்று அதட்டினார். அது மேலிருந்து ஒருமுறை பார்த்தது. பிறகு கோடியிலிருந்த மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டது. மறுநாளும் அதே மரம், அதே முதுகு.

தீவனம் வைக்கும் பெண் கேட்டாள்: "சார், சங்கிலிய எங்க மாட்டுவீங்க? ஏணி எடுத்தாரவா?"

மருத்துவர் வேறு முறை சொன்னார். கால் கட்டையை நோக்கி நகரும் அந்தக் கணமே விசில்; விசிலுக்குப் பின் ஒரு கேரட் துண்டு. தவறினால் அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. கேரட் கிடைக்காது, அவ்வளவே.

அத்தான் வீட்டுக்கு வந்து குமுறினார். "லஞ்சம் குடுத்து வேல வாங்கச் சொல்றான் அந்த டாக்டர்."

"ஏன், நீங்க சம்பளம் வாங்காமத்தான் போறீங்களா?" என்றாள் அக்கா.

"அது வேற."

"என்ன வேற? உங்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவ, அதுக்கு காலுக்கு ஒரு தடவ."

வேறு வழியின்றிச் செய்தார். வாரக்கணக்கில் செய்தார். அது கட்டையை முகர்ந்தது, குளம்பால் தட்டிப் பார்த்தது, இறுதியில் காலை வைத்து நின்றது. அன்று முதல் அத்தானைச் சகிக்க முடியவில்லை. நேற்று ஞானம் பெற்றவன் இன்று மடம் கட்டிய கதையாக, போகிற வீட்டிலெல்லாம் அன்பு வழிப் பயிற்சி பற்றிப் பிரசங்கம். பாடம் படிக்கும் பிள்ளைகளின் முன் பிஸ்கட்டோடு போய் நின்றார். சோறு போட்ட அக்காவைப் பார்த்து "சபாஷ்!" என்றார்.

"இன்னொரு சபாஷ் வந்துச்சு, கரண்டி பறக்கும்" என்றாள் அவள்.

தாம் உதைத்த நாய்களைப் பற்றி மட்டும் அந்தப் பிரசங்கங்களில் ஒரு சொல்லும் வந்ததில்லை.

குளம்பு செதுக்குபவர் அரத்தோடு வந்த நாளில், பூங்கா முதலாளி விருந்தினர் கூட்டத்தை வேலியோரம் நிறுத்தினார். ஆளுக்கொரு கைபேசி. கால் கட்டைமேல் ஏறியது, கைதட்டினார்கள், கால் இறங்கியது. மறுபடி ஏறியது; மறுபடி கைதட்டல்.

"கயித்தப் போட்டு இழுத்துக் கட்டுங்கய்யா. வந்தவங்களுக்கு நேரமாகுது" என்றார் முதலாளி.

அத்தானுக்குப் பழைய தொண்டை திரும்பியது. கூட்டத்தைப் பார்த்து "உட்காரு!" என்று கர்ஜித்தார். விருந்தினர் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். முதலாளி ஈரத் தீவனக் குப்பையின்மேல் உட்கார்ந்தார்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை இந்த இடத்தோடு முடித்துவிடுவது வழக்கம். சிரிப்பு கிடைக்கிறது, அத்தானுக்குப் பெருமையும் கிடைக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு ஒட்டகச்சிவிங்கியும் வெருண்டு ஓடியது. கேரட் கேரட்டாகச் சேர்த்ததை அவர் வாய் ஒரே மூச்சில் தொலைத்தது. அதன்பின் அவர் தலை தெரிந்தாலே அது கோடி மரத்துக்குப் போய்விடும். முதலாளியோ கயிறு கட்ட ஆட்களை வரச் சொல்லிவிட்டார்.

"உங்கிட்ட வருதா?" என்று தீவனப் பெண்ணிடம் கேட்டார் அத்தான்.

"வருது சார். நீங்க இல்லன்னா வருது."

இந்தப் பதிலுக்கு அவர் கத்தியிருக்க வேண்டும். அவரை அறிந்த எவரும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். அவர் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கயிற்றுக்காரர்கள் வருமுன் முடிக்க வேண்டும் என்று அரக்காரரை அவரே போய் அழைத்துவந்தார். பிறகு தீவனக் கொட்டகையின் பின்சுவரோரம் போய், வேலை முடியும்வரை வாய் திறக்காமல் நின்றார். அரம் தேய்க்கும் ஓசை மட்டும் அங்கே கேட்டதாம்.

மாலையில் அக்கா கேட்டாள். "நின்னுச்சா?"

"நின்னுச்சாம்."

"நின்னுச்சாமா? நீங்க பாக்கலயா?"

"எட்டிப் பாத்திருந்தா கால எடுத்திருக்கும்" என்றார் அத்தான்.