தொட்டித் தண்ணீரும் தங்கமணியின் நெத்திலியும்

கள்ளக்குறிச்சி சந்தையில் அமலோற்பவத்திடம் கருவாடு வாங்குகிறவர்கள் அவள் வாயையும் சேர்த்துத்தான் வாங்கிப் போவார்கள். மோந்து பார்த்து முகம் சுளித்தால், "மூக்கைக் கழுவிக்கினு வா" என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நைனார்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மலைக்காரர்கள் சந்தைக்கு இறங்கி வருவதற்குள் கடை விரித்துவிடுவாள். அவள் ஒன்று சொன்னால் சந்தையே நம்பும். வினையே அதில்தான் இருந்தது.

பக்கத்துக் கடை தங்கமணியுடையது. அவளுக்கு நெத்திலி வருகிற கடற்கரையில் பழைய அணுமின் நிலையம் ஒன்று உண்டு. அதை மூடிவிட்டு இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உலைப் பாகங்களைக் கழுவிய தண்ணீரைத் தொட்டிகளில் தேக்கிச் சுத்தம் செய்து சோதிக்கிறார்கள். சோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது அமலோற்பவத்தின் தம்பி பிரிட்டோ. காண்ட்ராக்ட் வேலை.

ஈஸ்டருக்கு வந்தபோது அவனே விளக்கினான். "கதிர்வீச்சு கம்மிதான்க்கா. ஆனா கடல்ல வுடலாமா கூடாதான்னு ஒரு குழு ஆராய்ஞ்சிக்கினு இருக்கு. மேல மேல கேள்வி கேக்கறாங்க. அவங்க சரின்னு சொல்றவரிக்கும் ஒரு சொட்டு வெளிய போவாது."

அமலோற்பவம் எல்லாவற்றையும் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். புரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்துவிடலாம்.

அடுத்த சந்தையில் தங்கமணி கடையில் கூட்டம் நின்றது. அமலோற்பவத்தின் வாடிக்கை ஒருத்தியும் அங்கே நகர்ந்தாள். "அந்தக் கரை மீனா வாங்கற? அணு உலைத் தண்ணியைக் கடல்ல தொறந்து வுட்டுட்டாங்க. என் தம்பியே அங்கதான் வேலை செய்றான்" என்றாள் அமலோற்பவம்.

அதோடு தங்கமணி ஈ ஓட்ட ஆரம்பித்தாள். அமலோற்பவத்தின் கூடை மதியத்துக்குள் காலியானது. அவளுக்கு அது நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு நாள், தங்கமணி மிச்சக் கருவாட்டைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டாள். சோறு இறங்கவில்லை. கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "பொய் சொன்னேன் சாமி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தாள். இன்ன பொய் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அடுத்த சந்தைக்குத் தங்கமணி கூடையில்லாமல் வந்தாள். கையில் ஒரு துணிப்பை மட்டும். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று அமலோற்பவம் நினைத்தாள். அவளோ பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எம்பொண்ணு சுபஸ்ரீ முழுவாம இருக்கா. மூணு மாசம். மொதல்லருந்து என் மீனைத்தான் தின்னுக்கினு இருந்தா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி கலைச்சிடலாம்னு இருக்கோம். உனக்குதான் வெவரம் தெரியும். அதான நல்லது?"

அமலோற்பவம் தராசைக் கீழே வைத்தாள்.

"தண்ணியே வுடல, தங்கமணி. நான் பொய் சொன்னேன். உன் கடைல கூட்டம் நின்னுது. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்."

தங்கமணி அவளையே பார்த்தாள். "தம்பி வேலை போயிடும்னு இப்டி சொல்றியாக்கா?"

"மாதா சத்தியமா இல்ல." அமலோற்பவம் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "வுடலக்கா, குழு இன்னும் முடிவே சொல்லல" என்றான் பிரிட்டோ. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதெல்லாம் நாங்க வெளிய பேசக்கூடாது, போனை வையி" என்றும் சொல்லிவிட்டான். தங்கமணியின் முகம் இறுகியது.

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். புதைத்ததில் தப்பி வீட்டில் கிடந்த நெத்திலி.

"குடு, நான் திங்கறேன்" என்றாள் அமலோற்பவம்.

"நீ தின்னா இன்னா ஆவப்போவுது? உம்பொண்ணு ஷைனியும் முழுவாம உன் வூட்லதான இருக்கா. அவளுக்கு வறுத்துக் குடு."

நெத்திலியில் ஒன்றுமில்லை என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். அந்தப் பொய்யைப் பெற்றவளே அவள்தான். வாங்கக் கையை நீட்டினாள். மகளின் வயிறு கண்ணுக்குள் வந்தது. கை பாதியில் நின்றது. உடனே மறுபடி நீட்டினாள். அதற்குள் தங்கமணி பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் வேறு ஊர்ச் சந்தைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள் அமலோற்பவம். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, கதையைக் கேட்டுத் திட்டி, சுபஸ்ரீயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது. காப்பாற்றியது டாக்டரின் சொல், தன் சொல் இல்லை என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும்.

வருகிறவர்களிடமெல்லாம், "நான் சொன்னது பொய், அந்தக் கரை மீன் நல்ல மீன்" என்கிறாள். "இப்டி சொல்ல எவ்ளோ குடுத்தாங்க?" என்று சிரிக்கிறார்கள். குழு இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீர் இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது.

தங்கமணி இப்போது கீரை விற்கிறாள். பேத்திக்குச் சளி பிடித்தாலும், ஜுரம் வந்தாலும், நேராக இவளிடம் வருவாள்.

"நெசமாவே தண்ணி வுடலையாக்கா?"

"வுடல, தங்கமணி."

"சரி" என்பாள். ஆனால் பதில் சொல்கிற வாயைப் பார்க்க மாட்டாள். அமலோற்பவத்தின் கையைத்தான் பார்ப்பாள்.