சித்தி கோட்டை ஏறிய நாள்

நாங்கள் மராத்திச் சீமையில், போபோடியில் குடியிருந்தபோது, மழை ஓய்ந்ததும் சிங்ஹகட் கோட்டைக்கு நடந்தே ஏறுவது வீட்டு வழக்கம். அப்பா, அம்மா, நான் மூவரும் ஏறுவோம். கூடவே வரும் சித்தி மட்டும் ஏறமாட்டாள். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப் போனவளை மலையேறச் சொல்லலாமா? பாவம் என்று அடிவாரத்திலேயே உட்காரவைத்துவிடுவோம், புளிசாதக் கூடைக்குக் காவலாக. மேலே விற்கும் சோள ரொட்டி அப்பாவுக்குத் தொண்டையில் இறங்காது. ஏறி இறங்கி வந்து, சித்தி பரிமாறச் சாப்பிட்டால்தான் அவருக்குப் பிக்னிக். எவ்வளவு நல்ல மனசு எங்களுக்கு!

நான் நாலாவது படித்த வருடம், வழக்கம்போலப் பசியோடு இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் பார்த்தால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு சித்தி மேலே வருகிறாள்! பக்கத்தில் ஒரு மராத்தித் தயிர்க்காரம்மா. தலையில் தயிர்ப்பானை, இடுப்பில் எங்கள் கூடை.

அம்மா பதறிப்போனாள். "உனக்கென்ன பைத்தியமாடி? விழுந்து தொலைச்சா யாரு பாக்கறது?"

"விழுந்தா எந்திரிச்சுக்கறேன். வருஷா வருஷம் கீழயே உக்காந்து அலுத்துப் போச்சுக்கா. இன்னிக்குக் கோட்டையப் பாக்காம இறங்க மாட்டேன். சாப்பாடு மேலதான்."

அப்பா பரிதாபமாகக் கூடையைப் பார்த்தார். தயிர்க்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. கூடையோடு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள்.

அப்புறம் என்ன, இறங்கிய மலையில் மறுபடி ஏறினோம், சித்தியின் வேகத்துக்கு. வழுக்குப் பாறைகளில் அவள் உட்கார்ந்தே நகர்ந்தாள். அப்பா நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். ஓரிடத்தில் சறுக்கி முழங்கை சிராய்த்துவிட்டது. எனக்குத்தான் அழுகை வந்தது. அவளோ, "ஒண்ணுமில்ல, சலோ" என்று என்னை விரட்டினாள். கோட்டை வாசலைத் தாண்டியதும் வாய்விட்டுச் சிரித்தாள் பாருங்கள்! அவளை நானே ஏற்றிக் கொண்டுவந்த மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருடம் கிளம்பும்போது அப்பா அவள் எதிரில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"நீயும் ஏற வர்றியாம்மா?"

சித்தியின் முகம் அப்படி மலர்ந்தது. "இந்தத் தடவை வேணாம் அத்தான், தூக்கமா வருது. நீங்க போயிட்டு வாங்க" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவ்வளவு பாடுபட்டு ஏறியவள் இப்போது வேண்டாம் என்கிறாளே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அன்றுவரை அவளை யாருமே 'வர்றியா' என்று கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.