மூணு விசில்

கண்டக்டர் வேலைக்கு வாய் ஒழுங்காக இருந்தால் போதும்: நிறுத்த ஒரு விசில், கிளப்ப இரண்டு விசில், மற்ற நேரமெல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க."

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் போகும் தனியார் பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருப்பதே, அது வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் எனக்குத் தெரியும். வயிறு முழுக்க ஊசிப் புள்ளி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் சக பயணிகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளை வியாதி

முதலில் சாதாரண சுகர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே போகப் போக நான் வற்றிக்கொண்டே வந்தேன். பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, எந்த நிறுத்தம் வந்தாலும் பயணிகளுக்கு முன்னால் நான் இறங்கி ஓடினேன். ஒருநாள் வாந்தியும் மூச்சிரைப்புமாக மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே டாக்டர், "இது டைப் ஒன். உங்க உடம்புல இன்சுலின் சுரக்கிறது நின்னுபோச்சு. மாத்திரை உதவாது, ஆயுசுக்கும் ஊசிதான். வழக்கமா சின்னப் பிள்ளைகளுக்கு வரும், சில பேருக்கு இப்படி நடுவயசுலயும் வருது" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். என் மனைவி செல்வி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள்: "இவருக்குச் சின்னப்பிள்ளைத்தனம் போகலன்னு நானும் கல்யாணமான நாள்ல இருந்து சொல்லுதேன் சார். ஒருத்தரும் நம்பல."

முதலாளி கேட்ட கேள்வி

திரும்பி வந்ததும் முதலாளியைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். சர்க்கரை கூடினால் ஊசி. ஊசி போட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சடாரென்று குறையும், அப்போது கை நடுங்கும், வேர்க்கும், புத்தி தடுமாறும் என்றேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பயந்துபோனார். "பேசாம ஷெட்டுல உக்காந்து டயர் கணக்கு பாரு" என்றார்.

எனக்கு டயரோடு பேசத் தெரியாது. ஆட்கள் ஏறி இறங்க வேண்டும், சில்லறைக்குச் சண்டை போட வேண்டும், காற்று முகத்தில் அடிக்க வேண்டும். இல்லையென்றால் வியாதி கொல்வதற்கு முன்னால் ஷெட்டே என்னைக் கொன்றுவிடும். கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாசம் தவணை வாங்கினேன். ஒரு புகார் வந்தாலும் ஷெட்டுதான் என்று முடிவாயிற்று. எழுந்து வரும்போது முதலாளி கேட்டார்: "பயணி மயங்கி விழுந்தா கண்டக்டர் பாப்பான். கண்டக்டரே விழுந்தா யாருய்யா பாக்குறது?"

ஒரு படி கம்மி

தினமும் வன்னியம்பட்டி விலக்கில் ஏறும் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், என்னைப் பார்த்துத் துக்கம் விசாரித்தார். டைப் ஒன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு தோளில் தட்டிச் சொன்னார்: "ஒன்னுதானா? கவலைய விடு. எனக்கு ரெண்டு."

நிப்பு இல்லாத பேனா

இன்சுலின் ஊசி இப்போது பேனா மாதிரி வருகிறது. தேவைப்படும்போது முனையில் ஊசியைத் திருகிக்கொள்ள வேண்டும், மற்ற நேரம் மூடி போட்டுச் சட்டைப்பையில் சொருகிக்கொள்ளலாம். கண்டக்டர் பையில் பேனா இருந்தால் அது ஊர்ப் பொதுச்சொத்து என்பது உங்களுக்குத் தெரியும். பாங்கியில் கொடுக்க வேண்டிய பாரத்தை மடியில் வைத்திருந்த ஒருவர், நான் அந்தப் பக்கம் திரும்பி டிக்கெட் கிழிக்கும்போது பையிலிருந்து உருவிவிட்டார்.

நான் பார்த்தபோது மூடியைக் கழற்றி, பாரத்தில் தேய்த்து, உதறி, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். பதறிப்போய் வாங்கினேன். அவருக்குக் கோபம். பக்கத்து சீட்டுக்காரரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "நிப்பு இல்லாத பேனாவுக்கு இம்புட்டுப் பவுசா?"

டிக்கெட்டில் பொட்டு

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் வைத்தால் சர்க்கரை அளவு தெரியும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது குத்திப் பார்த்துவிட்டு, துடைத்தும் துடைக்காமலும் டிக்கெட் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். சிவப்பாக ஒரு பொட்டு டிக்கெட்டின் நடுவில் அழகாக விழுந்துவிட்டது. வாங்கப்போன அம்மாள் அதை மரியாதையாக இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். "பஸ்ஸுக்குப் பூசை போட்டீகளோ? டிக்கெட்டுக்கெல்லாம் குங்குமம் வச்சிருக்கீக."

அவசரமாக அந்த டிக்கெட்டைப் பிடுங்கி வேறு கிழித்துக் கொடுத்தேன். பின் சீட்டில் இருந்த பேச்சியம்மாளக்கா இதைப் பார்த்துவிட்டாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி இராஜபாளையத்தில் இறங்கி அடுத்த பஸ் மாறுவாள். பஸ்ஸில் நியாயம் தீர்ப்பதும் அவள்தான். மறுநாள் ஒரு பொட்டலம் பஞ்சைக் கொண்டுவந்து என் பையில் திணித்தாள். "நாங்க செய்யுற பஞ்சும் துணியும் கப்பலேறி எங்கெங்கயோ போகுது. நம்ம பஸ்ஸுக்குக் கொஞ்சம் வந்தா என்ன கொறஞ்சுபோச்சு?"

ஆவாரம்பூ

சுகர் என்று தெரிந்தால் ஊரே வைத்தியர் ஆகிவிடும். பாகற்காய், வெந்தயம், நாவற்கொட்டை, வேப்பங்கொழுந்து என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மருந்து ஏறும். எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டுவேன். ஒருவர் மட்டும் விடுவதாக இல்லை. பிளவக்கல் பக்கம் தோட்டம் இருக்கிறதாம், அங்கே பறித்த ஆவாரம்பூவைப் பையோடு கொண்டுவந்து, "ஊசிய இன்னையோட விட்ரு. இதக் காய்ச்சிக் குடி. ஒரே வாரம்" என்று தினமும் நச்சரித்தார்.

ஊசியை விட்டால் ஒரு வாரத்தில் மறுபடி மதுரைக் கட்டில்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஊசி போட்டுப் போட்டு அலுத்திருந்த நாள் அது. பையைக் கையில் வாங்கிவிட்டேன். டிரைவர் அந்தோணி அண்ணாச்சி கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, நிதானமாகத் திரும்பினார். "அந்தப் பூவை இங்கிட்டுக் கொண்டா லே. டீசலுக்குப் பதிலா ஊத்திப் பாக்கேன். வண்டி ஓடிச்சின்னா நீயும் குடி."

பிடுங்கிய மிட்டாய்

ஒருநாள் காலை இட்லியில் ஒன்றைக் குறைத்துவிட்டு ஊசியைக் குறைக்க மறந்துவிட்டேன். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுக் கிளம்பும்போதே சட்டை நனைந்துவிட்டது. கை நடுங்கியது. இதற்கென்றே பையில் தேன்மிட்டாய் வைத்திருப்பேன். எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு அடி விழுந்தது. பேச்சியம்மாளக்கா மிட்டாயைத் தட்டிவிட்டிருந்தாள். "சுகர வச்சுக்கிட்டு தேன்மிட்டாய் கேக்குதோ? பொண்டாட்டி பிள்ளைகள நெனச்சுப் பாத்தீகளா?" பஸ்ஸே அவள் பக்கம். யாரோ என் பையில் கைவிட்டு மிச்ச மிட்டாயையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அத்தனையும் பாசம். எனக்கோ வாயில் வார்த்தை வரவில்லை.

மடவார்வளாகம் நிறுத்தத்தில் ஒரு விசில் ஊத வேண்டும். ஒன்று ஊதினேன், உடனே இரண்டு, பிறகு மறுபடி ஒன்று. அந்தோணி அண்ணாச்சி பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடிவந்தார். இருபது வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்ட விசில், அது பிசகினால் அவருக்குத் தெரியாதா? தன் சீட்டுக்கடியில் வைத்திருந்த கலர் சோடா பாட்டிலைத் திறந்து என் வாயில் ஊற்றினார். "கூடினா ஊசி, கொறஞ்சா இனிப்பு. இப்பக் கொறஞ்சிருக்கு, தள்ளுங்க" என்றார்.

செத்த நேரத்தில் எனக்குக் கண் தெளிந்தது. பேச்சியம்மாளக்கா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். முதலாளி காதுக்குப் போனால் ஷெட்டுதான் என்று அந்தோணி அண்ணாச்சி சொல்ல, ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது என்று எல்லாரையும் எச்சரித்தாள். பிறகு என்னைப் பார்த்துப் பொரிந்தாள்: "கூடினாலும் சுகரு, கொறஞ்சாலும் சுகருன்னா நாங்க எதப் புடிக்கிறது, எத விடுறது? நீங்கதான வாயத் தொறந்து சொல்லணும்?"

பருப்பு

அவள் கேட்டது நியாயம். ஆனால் சர்க்கரை குறையும்போது முதலில் போவதே பேச்சுதான். அதனால் அந்தோணி அண்ணாச்சியும் நானும் பேசி முடிவு செய்தோம். நடுக்கம் ஆரம்பித்ததுமே மூன்று விசில். அதைக் கேட்டால் அவர் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும், கலர் பாட்டில் பின்னால் வர வேண்டும். பேச்சியம்மாளக்கா இதைப் பஸ் முழுக்கப் பாடம் நடத்திவிட்டாள். கொடுத்துவிட்டுக் கால்மணி நேரம் என்னை உட்கார வைக்க வேண்டும் என்பது வரை எல்லாருக்கும் மனப்பாடம்.

இதெல்லாம் தெரியாத ஒரு புதுப் பயணி, முதல் தடவை நான் மூன்று விசில் ஊதி பஸ் நின்றதும், தூக்கம் கலைந்து எழுந்தார். "பருப்பு வெந்துருச்சு, எறக்குங்க" என்றார்.

முதலாளி ஏறிய நாள்

தவணை முடியும் தறுவாயில், கார் ரிப்பேர் என்று முதலாளியே இராஜபாளையத்தில் எங்கள் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். முகூர்த்த நாள், கூட்டம் நெரிந்தது. நான் மத்தியான ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். முன்னால் போக வேண்டிய வண்டி பிரேக் டவுன் என்று சொல்லி டைம் கீப்பர் எங்களை அப்போதே கிளம்பச் சொல்லிவிட்டார். இரண்டு வாய்தான் உள்ளே போயிருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் கழுத்தில் வேர்வை இறங்கியது.

விசில் வாயில் இருந்தது. ஊதினால் வேலை போகும், ஊதாவிட்டால் நான் போவேன். முதலாளியின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பயமாக இருந்தது. செல்வி முகம் ஞாபகம் வந்தது. மூன்று விசில் ஊதினேன்.

பஸ் ஓரத்தில் நின்றது. கலர் பாட்டில் கைமாறிக் கைமாறிப் பின்னால் வந்தது. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், யாரோ பணப்பையை வாங்கி என் மடியிலேயே வைத்தார்கள், வன்னியம்பட்டி போலீஸ்காரர் படியில் நின்று, "காத்து வர்றதுக்கு வழி விடுங்க" என்று அதட்டினார். முதலாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நான் கலரைக் குடிப்பதைப் பார்த்ததும், "சுகர்காரனுக்கு யாருய்யா கலரு குடுத்தது?" என்று பாட்டிலைப் பிடுங்கக் கையை நீட்டினார். அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி. பேச்சியம்மாளக்கா, இராஜபாளையத்தில் கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்புகிற பட்டுச்சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். "கைய எடுங்கய்யா. கொறஞ்சிருக்கு. தெரியாம நடுவுல வராதீக" என்றாள். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அடித்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் என் பேச்சு திரும்பியது. அந்தோணி அண்ணாச்சி பஸ்ஸை எடுத்தார், நான் உட்கார்ந்தபடியே டிக்கெட் கொடுத்தேன், சில்லறை கையிலிருந்து கைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி கையைத் தடவிக்கொண்டே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைசி ஆளாக இறங்கினார். நான் கும்பிட்டுக்கொண்டு தீர்ப்புக்காக நின்றேன். அவர் பஸ்ஸை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"வேற கண்டக்டர் கெடைப்பான். ஆனா இம்புட்டுப் பேருக்கும் மறுபடி எவன்யா ட்ரெய்னிங் குடுக்குறது? நீயே இருந்துட்டுப் போ."

இந்தச் சர்க்கரையும் நம்ம ரூட்டுப் பயணிதான், கேட்காமல் ஏறும், சொல்லாமல் இறங்கும், டிக்கெட் மட்டும் கடைசி வரைக்கும் நாம்தான் எடுக்க வேண்டும்.