பெட்ஷீட்டில் அளந்த ஹெலிக்ஸ் ஆங்கிள்

இரண்டாயிரங்களின் நடுவில், கொடைக்கானலில் ஒரு சின்ன டிராயிங் ஆபீஸில், கம்ப்யூட்டரில் மிஷின் படம் வரையும் கேட் (CAD) டிசைனராக இருந்தேன். ஏரிக்கு மேலே, நல்ல சரிவில் ஆபீஸ். ஒரு நாள் காலையில் மன்னவனூர் பெருமாள் அண்ணன் சாக்கில் ஒரு கியரைச் சுமந்து வந்தார். கேரட் கழுவும் மிஷினுடையது. பாதிப் பற்கள் உடைந்திருந்தன.

“தோண்டுன கேரட்டெல்லாம் மண்ணோட குவிஞ்சு கெடக்கும்மா. கழுவாம லாரிக்காரன் ஏத்த மாட்டேங்கிறான். வெரசா படம் போட்டுக் குடுங்க, கோயம்புத்தூர்ல வெட்டிக்கிறேன்.”

அது ஹெலிக்கல் கியர். பற்கள் நேராக இல்லாமல் திருகிப் போகும். ஒரு பல்லை வரைந்து, அதைக் கியரின் தடிமன் முழுக்க முறுக்கிக்கொண்டே போகும்படி சாஃப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு முறுக்குவது, அதாவது ஹெலிக்ஸ் ஆங்கிள் எவ்வளவு என்பதுதான் சிக்கல். உத்தேசமாக ஒரு கோணம் கொடுத்தேன். கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, பல்லுக்குள் பல் புகுந்த ஓர் உருவத்தைக் காட்டியது.

அண்ணன் உற்றுப் பார்த்தார். “நான் கேட்டது கியரும்மா. இது ஜாங்கிரி.”

கோணத்தை மாற்றினேன். “இதுக்கு ஜாங்கிரியே தேவலை” என்றார்.

பட்டறைகளில் ஒரு வழி உண்டு. பல்லில் கிரீஸ் தடவித் தாளில் உருட்டினால் சாய்கோடுகள் விழும், கோணத்தை அளந்துவிடலாம். மேஜையில் இடமில்லை. வாசலில் பெரிய காலண்டர் தாளை விரித்தோம். அண்ணன் கிரீஸைத் தாராளமாக அப்பினார். கியரைத் தூக்கி நிறுத்திய நேரம் பார்த்துக் காற்று தாளைக் கிளப்பிக்கொண்டு போனது. அண்ணன் தாளைப் பிடிக்கப் பாய்ந்தார். கியரைப் பிடிக்க ஆளில்லை.

எங்களிடம் இருந்த ஒரே சாம்பிள் அது. ரோட்டைத் தாண்டி, கீழே லாட்ஜின் புல்சரிவில் இறங்கி ஓடியது. பின்னாலேயே நாங்களும் ஓடினோம். அது ஒரு ரோஜாப் புதரில் முட்டி நின்றது. வழியில் காயப்போட்டிருந்த வெள்ளை பெட்ஷீட்டின் மேல் ஏறித்தான் போயிருந்தது.

“ஏலே, யாரு பாத்த சோலி இது?” லாட்ஜில் துணி துவைக்கும் அன்னம் அக்கா வாளியோடு வந்தார். “வெள்ளனே எந்திரிச்சு வெளுத்ததுலே!”

நான் பெட்ஷீட்டைக் குனிந்து பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழகான சாய்கோடுகள். அளப்பதற்குக் கையிலேயே வைத்திருந்த புரொட்ராக்டரோடு மண்டியிட்டேன்.

“அவங்க அளந்து முடிக்கட்டும்க்கா. அப்புறமா எங்களை அடிங்க” என்றார் அண்ணன்.

“அக்கா, அந்த முனையை இழுத்துப் பிடிங்க. சுருக்கம் இருந்தா கோணம் மாறிரும்.”

“சுருக்கம் எடுக்க எனக்கே சொல்லித்தாறியா?” என்று திட்டிக்கொண்டே விறைப்பாக இழுத்துப் பிடித்தார்.

துணியில் விழுந்த தடம் கண்ணாடி பிம்பம் போன்றது. அதனால் சாஃப்ட்வேரில் திருகை எதிர்ப்பக்கம் கொடுத்தேன். பல் பல்லாக, சுத்தமாக ஒரு கியர் திரையில் வந்து நின்றது. அண்ணன் அதைப் பார்த்துக் கும்பிடவே போய்விட்டார்.

புது கியர் பொருந்தியது. கேரட் லாரி ஏறியது. கழுவிய முதல் மூட்டை எனக்கு வரவில்லை. அன்னம் அக்காவுக்குப் போனது. அதுதான் நியாயமும்கூட.

கேட் கற்க வரும் பிள்ளைகளுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன். திரையில் முறுக்கிப் பார்ப்பதற்கு முன்னால், கையில் இருப்பதை உருட்டிப் பாருங்கள். சமதளத்தில்.