செத்த பேட்டரியும் தாய்மாமன் மடியும்

என் வீட்டுக்காரருக்கு ரேஷன் கார்டில் காளீஸ்வரன் என்று பெயர். எம்.ரெட்டியபட்டியில் பாதிப் பேருக்கு அவர் வெறும் ‘சந்தேகம்’. கடையில் அரிசி வாங்கினால் வீட்டில் இன்னொரு தராசில் போட்டுப் பார்ப்பார். பூசாரி கொடுத்த விபூதியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தை என்னையே முதலில் குடிக்கச் சொன்னார். குடித்தேன். மீதியையும் நானே குடித்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தேன். அன்றிலிருந்து என் சமையல்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகம் கிடையாது.

கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பருத்தி எடையில் அவருடைய அப்பாவை ஒரு வியாபாரி ஏமாற்றியதைச் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மானாவாரிக் காடு கைகொடுக்காமல் போகவே, ஒரு குட்டியானை வாங்கினார். எங்கள் பக்கம் சின்ன லோடு வண்டிக்கு அதுதான் பெயர். திருச்சுழிப் பக்கம் கரிமூட்டை ஏற்றிக்கொண்டு விருதுநகர் போவது இவர் வேலை. மற்ற நாளில் ஊருக்குள் தண்ணீர் கேன், மாட்டுத் தீவனம் என்று சில்லறை லோடு அடிப்பது என் தம்பி இன்பராஜ்.

மாசி முடிந்ததும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. இவர் விருதுநகர் போய்வந்த மறுநாள் சாவியைத் திருகினால் உடனே ஸ்டார்ட் ஆகும். தம்பி ஓட்டிய மறுநாள் ‘டிக் டிக்’ என்று முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். இன்பராஜ் பக்கத்துத் தெருவில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தான். கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் வரவில்லை. ஆனால் இருட்டினால் அவன் ஜன்னலில் வெளிச்சம் தெரியும். அவன் ஓட்டுகிற நாளில் வண்டி நிற்பதும் அவன் வாசலில்தான். என் வீட்டுக்காரருக்கு இது போதாதா!

“பேட்டரில வயர மாட்டி வீட்டுக்கு லைட்டு போடுறான் ஒந்தம்பி” என்றார்.

“அது சார்ஜ் லைட்டுங்க. நம்ம வீட்டுலதான் பகல்ல சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போறான்.”

“அது வெளிய காட்டுறதுக்கு. உள்ள என்ன எரியுதுன்னு நீ பாத்தியா?”

மகள் ரேணுவின் நகப்பாலிஷை எடுத்துப் பேட்டரியின் அடிப்பக்கம் ரகசியமாக ஒரு பொட்டு வைத்தார், பேட்டரியையே மாற்றி வைக்கிறானா என்று பார்க்க. மறுநாளும் பொட்டு இருந்தது. “பாத்தியா, மாத்துனதுலயும் அதே மாதிரி பொட்டு வச்சிருக்கான் கெட்டிக்காரப்பய” என்றார். பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். புதுப் பேட்டரியே வாங்கி மாட்டினார். தம்பி கையில் அதுவும் செத்தது.

ஒருநாள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அத்தனை பேர் பார்க்க, இன்பராஜ் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டார்.

“எம்பேட்டரிய உறிஞ்சித்தான் ஒன் வீட்டுல வெளிச்சமா மாப்ள?”

தம்பி கையில் இருந்த டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டானாம். “மச்சான், இனிமே ஒங்க வண்டி நிழல்லகூட நிக்க மாட்டேன். திருடன் மடில ஒங்க பிள்ளைய உக்கார வைக்க வேணாம். வேற ஆளப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வைகாசியில் ரேணுவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்தியிருக்கிறார்கள்? எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். இந்த மனுஷனோ, “ஒன் சித்தப்பா மகன் ராமசுப்பு இருக்கான்ல, அவன் மடி மடி இல்லையா?” என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த கரண்டி அடுப்புக்குள்ளேயே விழுந்தது. “எந்தம்பி மடி இல்லேன்னா எம்பிள்ள காதுல ஊசி படாது. எழுதி வச்சுக்கிடுங்க” என்றேன். அன்று ராத்திரி அழுதேன். அவருக்குக் கேட்கும்படியாகத்தான் அழுதேன்.

திருட்டை நிரூபித்துவிட்டால் என் வாய் அடைபடும் என்று நினைத்தாரோ என்னவோ, அருப்புக்கோட்டையில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ரத்தினத்திடம் வண்டியைக் காட்டக் கிளம்பினார். நானும் ஏறி உட்கார்ந்தேன். ரெண்டு ஆம்பளைகள் சேர்ந்து என் தம்பிமேல் பழியை முடிந்துவிட்டு வந்தால்? நானும் அவருடன் குடும்பம் நடத்துகிறவள்தானே, அந்தச் சந்தேகம் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

ரத்தினம் இவருக்குமேல் ஒரு பங்கு. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஆளை ஏற இறங்கப் பார்த்தான். “இதுக்கு முன்ன யாரு கை வச்சது? மறைக்காமச் சொல்லுங்க.”

“யாரும் வைக்கல. திருட்டுதான். எவ்வளவு உறிஞ்சிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

ரத்தினம் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான், தொய்வில்லை. எர்த் வயரை ஆட்டிப் பார்த்தான், இறுக்கமாக இருந்தது. வண்டி ஓடாதபோது பேட்டரியில் ஏதாவது உறிஞ்சுகிறதா என்று மீட்டர் மாட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அடுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். மீட்டர் முள் ஏறவே இல்லை.

“டைனமோ பேட்டரிக்குச் சார்ஜே குடுக்கல. எங்க, நல்லா மிதிங்க.”

இவர் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார். இன்ஜின் அலறியது. முள் சட்டென்று ஏறி நின்றது. காலை எடுத்த பிறகும் இறங்கவில்லை.

ரத்தினம் இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருகி உள்ளே எட்டிப் பார்த்தான். “அண்ணே, சாவி போட்டா மீட்டர் போர்டுல பேட்டரிப் படம் போட்ட செவப்பு லைட்டு எரியணுமே. பல்பு எங்க?”

என் வீட்டுக்காரர் கண் போன திசையில் நானும் பார்த்தேன். டேஷ்போர்டில் குலசாமி ஐயனார் படம். படத்தின் காலடியில் ஒரு குட்டிப் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போன வழியில் சாமி பல்பு ஃபியூஸ் ஆனது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாமியை இருட்டில் வைத்து வண்டி ஓட்டலாமா என்று இறங்கி நின்று என்னவோ நோண்டினார்.

“அது சும்மா எரிஞ்சு அணையுற லைட்டுதானே... சாமிக்கு எரியட்டும்னு கழட்டி மாட்டுனேன்...” என்றார்.

“சும்மா இல்லண்ணே. அடிபம்புல தண்ணி எடுக்கணும்னா மொதல்ல ஒரு செம்பு தண்ணி ஊத்துறோம்ல? அந்தப் பல்பு வழியாப் போற கரண்டுதான் டைனமோவுக்கு அந்த ஒரு செம்பு. நீங்க ரோட்டுல விரட்டி ஓட்டும்போது அதுவா முழிச்சுக்கிருச்சு. ஊருக்குள்ள மெல்ல ஓட்டுனா முழிக்காது, பேட்டரி செத்துரும்.”

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதை! சிரிக்கவா, அறையவா என்று தெரியவில்லை. ரத்தினம் பல்பை அதன் பழைய இடத்தில் மாட்டி முடித்ததும், “எடுங்க வண்டிய. டீக்கடைக்குப் போவோம்” என்றேன். சாவியைப் பிடுங்கியது அங்கேதானே.

கடையில் அதே கூட்டம். இவர் நடுவில் நின்று, “எம்மாப்ள திருடல. நாந்தான் மடத்தனம் பண்ணிட்டேன்” என்றார். இன்பராஜைக் கூப்பிட்டு அனுப்பி, அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும்தான்.

காதுகுத்துக்குத் தம்பி வந்தான். தட்டு நிறையச் சீர், ரேணுவுக்குப் பட்டுப்பாவாடை, பொன் தோடு. அவன் மடியில் உட்கார்ந்துதான் என் மகள் வீறிட்டு அழுதாள். வண்டிச் சாவியையும் மறுபடி வாங்கிக்கொண்டான்.

ஆனால் அவன் வாசலில் இப்போது வண்டி நிற்பதில்லை. லோடு முடிந்ததும் நேரே எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். இவரை வெளியே கூப்பிட்டு, சாவியைத் திருகிக் காட்டுகிறான்.

“செவப்பு எரியுதா மச்சான்?”

விபூதியை முகர்கிற மனுஷன் வாசல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், “எரியுது மாப்ள. பாத்துட்டேன்.”

“இல்ல மச்சான், நீங்க பாக்கல” என்கிறான் தம்பி. “வந்து பாருங்க.”