இரண்டு கையாலும்

தாமரைக் குளத்தைப் பார்த்து வாய் பிளப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டணத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கரையில் நின்று, "ஆ, என்ன வடிவு!" என்பார்கள். வடிவுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தண்டை ஒருதடவை கையால் உருவிப் பார்க்கட்டும். மேலிருந்து கீழ்வரை பொடி முள். தண்ணீருக்குள் நடக்கிறவனின் தொடையையும் கணுக்காலையும் அது அரம்போல அராவிவிடும். வைகாசி பிறந்தால் அப்பாவின் கால்களில் புண் ஆறாது. அந்தக் கால்களுக்கு எண்ணெய் தடவி வளர்ந்தவள் நான்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அங்குள்ள கண்ணகி அம்மன் கோயில் வருசத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். சடங்கின் கடைசி நாள், அம்மனின் கோபம் தணியச் செய்யும் குளிர்த்தி. அதற்குத் தாமரை மொட்டுக் கொண்டுவருவது அப்பாவின் குடிக்கு உரியது. மாமனுக்குப் பின் மருமகன் என்று தாய்வழியாக இறங்கி வரும் பொறுப்பு. அதை வேலை என்று யாரும் சொல்வதில்லை, மரியாதை என்பார்கள். கோயிலிலிருந்து வெற்றிலை வைத்து அழைப்பார்கள். அந்த வெற்றிலைக்காக அப்பா நெருப்பிலும் இறங்குவார் என்று அம்மா முணுமுணுப்பாள்.

முறைகளுக்கும் குறைவில்லை. மொட்டுப் பிடுங்குகிறவர் முந்தின நாளிலிருந்து பட்டினி. பிடுங்கிய மொட்டு மறுபடி குளத்துத் தண்ணீரில் படக்கூடாது. தோணியில் நிற்கிறவர் அதை ஒற்றைக் கையால் வாங்கக்கூடாது. அம்மாளுடைய பொருளை இரண்டு கையாலும் வாங்கி, வெள்ளைச் சீலையில் கிடத்த வேண்டும்.

யுத்தத்துக்கு முந்தின ஒரு வருசம் மழை ஏமாற்றிவிட்டது. ஊருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கும் வில்லு வற்றி, கரையெல்லாம் வெடித்துக் கிடந்தது. நடுவிலிருந்த மடுவில் மட்டும் கழுத்தளவு தண்ணீர், அடியில் சேறு. தாமரையும் அங்கேதான் நின்றது. அப்பாவுக்கு அப்போது காய்ச்சல்.

"காய்ச்சலோட தண்ணிக்குள்ள இறங்க ஒண்ணா. இந்தமுறை மருமகன் இறங்கட்டும்" என்றாள் அம்மா.

"நான் உசிரோட இருக்கக்குள்ள அவர் எப்படி இறங்குற?" என்றார் அப்பா.

மருமகன் என்றது என் கணவரை. அப்பாவின் சொந்த அக்காள் மகன். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. அவர் தோணி தள்ளப் போனார். வேலை முடிந்ததும் அப்பா விரதம் முடிக்கட்டும் என்று நான் கஞ்சிக் கலயத்தோடு கரையில் நின்றேன்.

தண்டுகள் அடர்ந்த இடத்துக்குள் தோணி நுழையாது. இவர் விளிம்பில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்பா மொட்டுகளை ஒரு பிடியாகச் சேர்த்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தோணியை நோக்கி வந்தார். தண்ணீர் அவர் நாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலை எடுக்க அவர் படும் பாடு கரைக்கே தெரிந்தது.

"ரெண்டு கையாலயும் வாங்குங்க மருமகன்" என்றார்.

இவர் கம்பைத் தோணிக்குள் போட்டுவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினார். பிடித்திருந்த கம்பு போனதும் தோணி வழுக்கிப் பின்னால் போயிற்று. அதைப் பிடிக்க அப்பா எட்டி ஓர் அடி வைத்தார். அடுத்த கணம் அவர் தலையைக் காணவில்லை.

"பூவை எறியுங்க மச்சான், பூவை எறியுங்க!" என்று நான் கத்தினேன். அவர் எறியவில்லை. சீலையில் பக்குவமாக வைத்துவிட்டுத்தான் கம்பை எடுத்தார். நீட்டிய கம்பைப் பிடிக்க ஒரு கையும் மேலே வரவில்லை. பிறகு அவரும் குதித்து, மூச்சுப்பிடித்துத் தேடினார். ஊர் ஆண்கள் ஓடிவந்து, கத்தியால் தண்டுகளை அறுத்துத்தான் அப்பாவை வெளியே எடுத்தார்கள். கொடிபோல அவை இரண்டு கால்களையும் சுற்றியிருந்தன.

அப்பாவை முற்றத்தில் கிடத்தியிருந்தோம். மொட்டுகள் தண்ணீர்க் குடத்தில் இருந்தன. இந்தப் பூவாவது அம்மாளின் காலடிக்குப் போகவேண்டும் என்று அம்மா அழுகைக்கு நடுவிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் வந்தார். சாவுத் தீட்டு என்று வேலிப் படலைக்கு உள்ளே கால் வைக்கவில்லை.

"துடக்கு வீட்டுப் பூ, புள்ள. அம்மாளுக்கு வைக்க ஒண்ணா" என்றார்.

"அப்பா உசிரோட இருக்கக்குள்ள பிடுங்கின பூ இது. அப்ப ஏது துடக்கு?" என்று கேட்டேன்.

"முறை அப்படித்தான்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கிருந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அன்றைக்கே குளிர்த்தியும் நடந்தது. பறைச்சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் துக்கம் கேட்க வந்தாள். தாமரைக்குப் பதில் என்ன வைத்தார்கள் என்று அம்மா அவளிடம் கேட்டாள்.

"தென்னம்பாளையும், ஆரோ வீட்டு வேலியில பூத்த செவ்வரத்தம்பூவும்தான் மச்சாள். ஒரு குறையும் இல்ல. அம்மாள் நல்லாக் குளிர்ந்தா."

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வேலிப்பூவே போதுமென்றால் எதற்கு அந்த மடு, எதற்கு அந்தப் பட்டினி என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. குடத்துத் தாமரை அதற்குள் விரிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் சிலர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூக்கி மாட்டுக்குப் போட்டேன்.

அடுத்த வைகாசியில் அதே வண்ணக்கர் வெற்றிலைத் தட்டத்தோடு என் கணவரைத் தேடி வந்தார். இந்தமுறை படலையைத் தாண்டி உள்ளே வந்தார். போகவேண்டாம் என்று நான் இரவெல்லாம் அழுதிருந்தேன். இவரும் சரியென்று தலையாட்டியிருந்தார்.

இப்போது என்னைப் பார்க்காமல் எழுந்தார். சால்வையை இடுப்பில் கட்டினார். குனிந்து, வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினார்.