கூலிப்படைத் தலைவன் பேசாத ஐந்து நிமிடம்

அலுவலகத்தில் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவர். அந்தப் பதிவுகளை அனுப்பி வைப்பது என் வேலை. சமையல் புத்தகமோ சட்டப் புத்தகமோ, எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாசிப்பார். விண்வெளியில் கூலிக்குச் சண்டை போடும் படையைப் பற்றித் தலையணை கனத்தில் ஒரு நாவல் வந்தபோதுதான் அலுத்துக்கொண்டார். பக்கத்துக்குப் பக்கம் சுடுகிறார்களாம், வாசிக்கிற இவருக்குக் கை வலிக்கிறதாம்.

வலி கையில் இல்லை. வீட்டில் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். முதுகு புண்ணாகாமல் இருக்க, ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிவந்த கண்களோடு காலையில் ஒலிப்பதிவு அறைக்குள் நுழைவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மேலாளருக்குக் கணினிக் குரல் மீது ஆசை வந்துவிட்டது. கேட்டவர்களிடம் கருத்துக் கேட்போம், இந்த நாவல் எடுபடாவிட்டால் அடுத்ததைக் கணினியே வாசிக்கட்டும் என்றார். அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் மருந்தும் வாடகையும் ஓடுகின்றன. மேலாளருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பயன்?

கருத்துகளைத் தொலைபேசியில் பதிவு செய்து அனுப்பினார்கள். அக்காவும் நானும் உட்கார்ந்து கேட்டோம். காசுக்குச் சுடுகிறவனுக்கு எதற்கு இவ்வளவு சோகம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். விண்கலங்களின் பெயர்களை மளிகைச் சாமான் போல வாசித்ததாக ஒரு மாணவன் குறைப்பட்டான். படைத்தலைவனுக்குக் கல்யாணம் ஆகுமா என்பது ஒரு அம்மாளின் கவலை. ஆனால் ஒரு இடத்தைப் பற்றி மட்டும் எல்லோரும் உருகினார்கள். பாதிப் படையைப் பறிகொடுத்த இரவில், "நீங்க தூங்குங்க, நான் முழிச்சிருக்கேன்" என்று தலைவன் மிச்சப் பேரிடம் சொல்கிறான். அதன்பின் ஐந்து நிமிடம் பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. அப்படி ஒரு மௌனத்தை எந்தக் கணினி வாசிக்கும் என்று கேட்டார் ஒருவர். ராத்திரிக் காவல் வேலை பார்த்து, பிறகு பார்வை போன பெரியவர் ஒருவர், அந்த இடத்தில் தான் அசையவே இல்லை என்றார்.

அக்காவின் முகம் வெளிறிப்போனது. அந்தப் பதிவை எடுத்துப் போட்டுக் கேட்டோம். மௌனமாவது மண்ணாவது! ஒலிவாங்கிக்கு முன்னால் அக்கா அசந்து தூங்கியிருக்கிறார். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்ததாக நினைத்துக்கொண்டு மேலே வாசித்திருக்கிறார். பதிவைச் சரிபார்க்கிறவர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அந்த நாற்காலி காலி. யார் கவனிப்பது?

மேலாளருக்கு இது எதுவும் தெரியாது. வாயெல்லாம் பல்லாக வந்து, இரண்டாம் பாகத்தையும் நீங்களே வாசியுங்கள், அதே மாதிரி உணர்ச்சியோடு, என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை தப்பியது. வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி அக்காவிடம் கெஞ்சினேன். கேட்டால்தானே. அந்தக் காவல்காரப் பெரியவரையாவது ஏமாற்றக் கூடாது என்று எண்ணைச் சுழற்றினார்.

"ஐயா, அது நடிப்பில்ல. நான் தூங்கிட்டேன்."

 அந்தப் பக்கம் பெரியவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"தெரியும்மா. ராத்திரியெல்லாம் ஊர் தூங்குறதக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தவன் நான். எனக்குத் தெரியாதா தூங்குறவங்க மூச்சு? சத்தம் போட்டா எங்க முழிச்சிருவீங்களோன்னுதான் அசையாம இருந்தேன்."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு அழுதார். அழுதபடியே மேசையில் தலை சாய்த்தார், கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார். நான் கதவை மெல்லச் சாத்தி, வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.